‘ங்க’ இல்லாமல் சொல்லு கண்ணு

“தெரியுதுங்க” என்று யார் சொன்னாலும் நம்பாத ஒருவரை எனக்குத் தெரியும். கோயமுத்தூரில் ஒரு கண்ணாஸ்பத்திரியிலிருந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வேனில் வந்து பிள்ளைகளுக்குக் கண் டெஸ்ட் பார்ப்பது அவர் வேலை. டாக்டர் இல்லை. டாக்டரம்மா என்று யாராவது கூப்பிட்டால், “டாக்டர் ஆஸ்பத்திரியில இருக்கறாருங்க, நான் டெஸ்ட் பாக்கறவ” என்று அந்த இடத்திலேயே திருத்துவார். மேடம் என்றால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அதனால் எல்லாருக்கும் அக்கா. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அச்சில் பார்த்தால், “என்னைய எதுக்குக் கண்ணு இதுல இழுத்து உட்டே?” என்பார். “சும்மாதானுங்க்கா” என்று நான் சொன்னால் அதையும் நம்பமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பார்த்தபோது அக்காவுக்கு நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். நல்ல உயரம். காட்டன் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். பள்ளிக்கூட மைதானத்து நெருஞ்சி முள்ளுக்குப் பயந்து அந்த ஷூ. தையல்காரர் மாதிரி கழுத்தில் ஒரு டேப் தொங்கும். சார்ட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவே இருபதடி இருக்கவேண்டும். வாத்தியார் யாராவது, “அளந்தாச்சுங்க, செரியா இருபதடிங்க” என்றால், “அப்படீங்களா, சந்தோசமுங்க” என்று சொல்லிக்கொண்டே குனிந்து டேப்பை விரிப்பார். பெரும்பாலும் பதினாறடிதான் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வாய் வராது. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொன்னால், “இப்பத்தானுங்க சாப்பிட்டேன்” என்பார். அவர் வயிறு கத்துவது நமக்கே கேட்கும். மறுபடி சொல்லவேண்டும், அவர் மறுபடி மறுக்கவேண்டும், மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கவேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் மரியாதை. அக்காவிடம் இந்த நாடகம் நடக்காது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஒரு பேச்சுக்கு, “சாப்பிட்டுப்போட்டுப் போலாமுங்க” என்றார்.

“என்னங்க சார் சமையல்?” என்று கேட்டார் அக்கா.

சார் திகைத்துப்போனார். “தக்காளி சாதமுங்க.”

“செரிங்க, போடுங்க. நல்ல பசி.”

கேரியரில் பாதி போயிற்று. ஆனால் அன்றைக்கு மாலை சார் என்னிடம் வந்து, “அந்தம்மா நல்லாச் சாப்பிட்டாங்கல்ல டீச்சர்?” என்று ஏதோ தானே அரிசி விளைவித்துப் போட்ட பெருமையோடு கேட்டார்.

கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. ஆசிரியர்களுக்குக் கண் பரிசோதனைப் பயிற்சி கொடுத்த நாளில் அங்கேதான் நாங்கள் ஏழெட்டுப் பேர் டீ குடித்தோம். அக்கா இரண்டு மடக்கு குடித்ததும் கடைக்காரர், “டீ எப்படிங்க?” என்றார். “தண்ணியா இருக்குதுங்க” என்றார் அக்கா. அதே டீயை நாங்கள் எல்லாரும் “நல்லா இருக்குதுங்க” என்று சொல்லிக் குடித்து முடித்திருந்தோம். சண்டை வரப்போகிறது என்று நான் என் கைப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றேன். கடைக்காரரோ புதிதாக ஒரு டீ போட்டு நீட்டிவிட்டு, பரீட்சை எழுதியவர் மாதிரி அக்கா பக்கத்திலேயே நின்றார். “இப்பங்க?” “இப்பச் செரிங்க” என்றார் அக்கா. அந்த மனிதர் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்க்கவில்லை. அந்தத் தூரத்தில் எனக்கு முகங்கள் தெரியாது. பக்கத்திலிருந்த டீச்சர் சொன்னாள்.

ஆமாம், அதுதான் என் கதை. எனக்கு எட்டு வயதிலிருந்தே தூரத்தில் இருப்பது தெரியாது. முன் பெஞ்சில் உட்கார்ந்தும், பக்கத்தில் இருப்பவள் நோட்டைப் பார்த்து எழுதியும் டீச்சர் ட்ரெயினிங் வரை முடித்துவிட்டேன். ஆட்களை நடையை வைத்தும் குரலை வைத்தும் கண்டுபிடிப்பேன். பஸ் போர்டு படிக்க முடியாது என்பதால் வருகிற பஸ்ஸையெல்லாம் நிறுத்தி, “கோபி போகுங்களா?” என்று கேட்பேன். ஒருமுறை அவசரத்தில் கேட்காமல் ஏறி அவிநாசியில் போய் இறங்கினேன். கண்ணாடி என்ற பேச்சை எடுத்தாலே அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். “நம்ம வம்சத்துல யாருக்குடி கண்ணாடி? எல்லாத்துக்கும் கெட்டிக் கண்ணு. கண்ணாடி போட்ட புள்ளையை எவன் கேட்டு வருவான்?” என்பாள். ஊசியில் நூல் கோப்பதில் நான் கெட்டிக்காரி. அதைக் காட்டி எல்லார் வாயையும் அடைத்துவிடுவாள். கிட்டத்தில் இருப்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கண்களைச் சோதிக்கிற வேலையைக் கொடுத்தார்கள். கோபிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி அது. முறை இதுதான்: ஆஸ்பத்திரியில் ஒரு சார்ட் தருவார்கள். அதில் ஆங்கில ‘ஈ’ எழுத்து பெரிதிலிருந்து சிறிதாக, நாலாபக்கமும் திரும்பித் திரும்பி இருக்கும். டீச்சர் சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்று குச்சியால் ஓர் எழுத்தைத் தொடவேண்டும். இருபதடி தள்ளி நிற்கிற பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஈயின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் மூன்று விரலை நீட்டிக் காட்டவேண்டும். தப்பாகக் காட்டுகிற பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்தால், பிறகு வேன் வந்து அவர்களை மட்டும் பார்க்கும்.

பயிற்சியில் அக்கா இதைச் செய்து காட்டி, “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டார். “புரிஞ்சுதுங்க” என்றேன். புரிந்ததென்னவோ உண்மை. ஆனால் இருபதடி தள்ளி நிற்கிற பிள்ளையின் விரல் எந்தப் பக்கம் நீள்கிறது என்று எனக்குத் தெரியாதே. ஒரு கை ஆடுவது மட்டும் மங்கலாகத் தெரியும். “தெரியுதா கண்ணு?” என்று கேட்பேன். “தெரியுதுங்க டீச்சர்” என்று அது கத்தும். சரி என்று எழுதிக்கொள்வேன். டீச்சர் கேட்டால் தெரியுது என்று சொல்வதுதான் மரியாதை என்று பிள்ளைகள் நினைத்தார்கள். அவ்வளவு மரியாதையாகச் சொல்கிற பிள்ளையை எப்படிச் சந்தேகப்படுவது என்று நான் நினைத்தேன். இரண்டு மரியாதையும் சேர்ந்து, இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் ஒருவருக்கும் பார்வைக் குறை இல்லை என்று நோட்டில் ஏறிவிட்டது. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார். ஊருக்கே பெருமை என்று பிரேயரில் வேறு சொன்னார்.

அந்த வாரக் கடைசியில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வெள்ளகோவில் மாப்பிள்ளை. சொந்தமாக எட்டுத் தறி ஓடுகிறது என்றார்கள். காபித் தட்டை வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். தலையை நிமிர்த்தக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நிமிர்த்தியிருந்தாலும் ஹாலின் அந்தக் கோடியில் வெள்ளைச் சட்டையில் நான்கு பேர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. “பையனைப் பாத்தியா கண்ணு? புடிச்சிருக்குதா?” என்று அம்மா காதோரம் கேட்டாள். “புடிச்சிருக்குதுங்கம்மா” என்றேன். உப்புசக்கரைக்கு நாள் குறித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் உப்பும் சக்கரையும் கொண்டுவந்து சம்பந்தத்தை உறுதி செய்கிற நாள் அது. மூன்று வாரம் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வேன் எங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. குறையே இல்லாத பள்ளிக்கூடத்துக்கு எதற்கு வேன் என்று சார் ஓடிப்போனார். அக்கா இறங்கினார்.

“உங்க நோட்டைப் பாத்துத்தானுங்க வந்தேன். எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இப்படிச் சைபர் வந்ததில்லீங்க.”

“எங்கூர்ப் புள்ளைங்க கீரை நல்லாத் திங்குமுங்க” என்றார் சார்.

“அப்படீங்களா, சந்தோசமுங்க” என்றார் அக்கா. நான் மெல்ல சாருக்குப் பின்னால் நகர்ந்தேன்.

முதலில் நாலாம் வகுப்பு செல்வியைக் கூப்பிட்டார். கரும்பலகையில் இருப்பதை ஒருநாளும் சரியாக எழுதாத பெண். கவனமில்லை என்று நான் அவளை எத்தனையோ முறை முட்டி போட வைத்திருக்கிறேன். அக்கா ஓர் அட்டையை எடுத்து, எழுத்து இருக்கும் பக்கத்தைத் தன் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத வெள்ளைப் பக்கத்தைக் காட்டினார். “ஈ தெரியுதா கண்ணு?”

“தெரியுதுங்க.”

“எந்தப் பக்கம் பாக்குது?”

செல்வி கொஞ்சம் யோசித்து, மூன்று விரலை மேலே காட்டினாள். “மேல பாத்துட்டு நிக்குதுங்க.”

அக்கா திட்டவில்லை. “பாரு, உனக்கு மட்டும் தெரிஞ்சிருக்குது, எனக்கே தெரியலை” என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். செல்வியும் சிரித்துவிட்டாள். பிறகு அக்கா சாரிடம் போய், எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தச் சொன்னார்.

அன்று மைதானத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். அக்கா கொடிக்கம்பத்து மேடையில் ஏறி நின்று, “நான் ‘தெரியுதா’ன்னு கேப்பேன். எல்லாரும் ‘தெரியலை’ன்னு கத்தோணும். எங்கே பாக்கலாம், தெரியுதா?” என்றார்.

“தெரியலைங்க” என்று தயங்கித் தயங்கி ஒரு முனகல் வந்தது.

“ங்க வேண்டாம் கண்ணு. ங்க இல்லாமச் சொல்லு. ஊடு வரைக்கும் கேக்கோணும். தெரியுதா?”

“தெரியலை!”

“எனக்குக் காது கேக்கலை. தெரியுதா?”

“தெ-ரி-ய-லை!”

இருநூறு பிள்ளைகளும் எகிறி எகிறிக் கத்தின. பிறந்ததிலிருந்து பெரியவர் ஒருவர் முன்னால் கத்தவேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பார்கள் போல. பக்கத்துத் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வேலியோரம் வந்து நின்றார். சார் கையைப் பிசைந்துகொண்டு, “ஏனுங்க, இப்படிப் பழகிப்போட்டா மருவாதை கெட்டுப்போயிருமுங்களே” என்றார். “சாயங்காலம் மணியடிச்சதும் ‘ங்க’வைத் திருப்பி ஒட்டிக்கலாமுங்க சார்” என்றார் அக்கா.

அதற்குப் பிறகு வரிசையில் வந்த பிள்ளைகள் நன்றாகத் தெரிகிற எழுத்துக்குக்கூடத் தெரியலை என்று கத்தி அக்காவைப் படுத்தி எடுத்தன. அவர் பொறுமையாகச் சலித்தெடுத்தார். மதியத்துக்குள் பதின்மூன்று பேருக்குக் கண்ணாடி தேவை என்று வந்தது. செல்விக்கு எல்லாரையும்விட அதிகம். நான் அவளை முட்டி போட வைத்த இடத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார். வகுப்பறைக் கதவைச் சாத்தினார். சார் கேட்டால் என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் பொய்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“டீச்சர், நீங்க எப்படிப் பாத்தீங்கன்னு ஒருக்காச் செஞ்சு காட்டுங்க. நான்தான் புள்ளை” என்று இருபதடி தள்ளிப் போய் நின்றார்.

நான் குச்சியால் ஓர் எழுத்தைத் தொட்டேன்.

“காட்டறேன் டீச்சர். எந்தப் பக்கம்?”

“வலது பக்கமுங்க.”

“இப்ப?”

“கீழங்க. செரிங்க, கரெக்ட்டுங்க.”

அக்கா மெதுவாக நடந்து கிட்டே வந்தார். கிட்டே வந்தபோதுதான் பார்த்தேன், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

“கையவே நீட்டலை கண்ணு” என்றார். அதுவரை டீச்சர் என்று கூப்பிட்டவர்.

நான் அழுதேன். வேலை போய்விடும் என்று ஒரு பயம், பிள்ளைகளை நினைத்து ஒரு வெட்கம், எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணம். அக்கா பெட்டியைத் திறந்து, கனமான வட்ட இரும்புச் சட்டம் ஒன்றை என் மூக்கில் மாட்டினார். அதில் கண்ணாடிச் சில்லுகளை ஒன்றொன்றாகப் போட்டார், எடுத்தார், மாற்றினார். “இது நல்லாருக்குதா, இது நல்லாருக்குதா?” “ரெண்டும் நல்லாருக்குதுங்க.” “ரெண்டும் எப்படி நல்லா இருக்கும்? மறுபடி பாரு.” கடைசியில் என்னைக் கரும்பலகை பக்கம் திருப்பினார். வகுப்பின் கடைசி வரிசையில் நின்று, காலையில் நான் எழுதிய வாய்பாட்டை முதன்முறையாகப் படித்தேன். வரிகள் எல்லாம் வலதுபக்கம் சரிந்து வழிந்துகொண்டிருந்தன. என் எட்டும் ஆறும் ஒன்றுபோல இருந்தன. இத்தனை நாளாகப் பிள்ளைகள் இதைப் பார்த்தா படித்தன என்று அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

“கண்ணாடி வேண்டாமுங்க்கா. மூணு வாரத்துல உப்புசக்கரை. கண்ணாடி போட்டா மாட்டேன்னு போயிருவாங்க.”

“மாப்பிள்ளை எப்படி இருப்பாரு?”

“நல்லா இருப்பாருங்க.”

“மீசை இருக்குதா?”

நான் விழித்தேன்.

“மீசை கண்ணு. மூக்குக்குக் கீழ. இருக்குதா, இல்லையா?”

“இருக்குமுங்க” என்றேன்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். எனக்குக் கோபம் வந்தாலும் கூடவே சிரிக்கவேண்டியதாகிவிட்டது. சிரித்து ஓய்ந்த பிறகு சில்லுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, “என்னையும் கேட்டாங்க, புடிச்சிருக்குதான்னு. எனக்கு அன்னைக்குக் கண்ணு நல்லாவே தெரிஞ்சுது. இருந்தாலும் உங்க இஷ்டமுங்கன்னு சொல்லிப்போட்டேன். அந்த ஊட்டுல ரெண்டு வருசம்தான் இருந்தேன்” என்றார். நான் அடுத்த கேள்வி கேட்பதற்குள் பெட்டியைப் பூட்டிவிட்டார். வேறு எப்போதும் அதைப்பற்றி அவர் பேசியதில்லை.

இரண்டு வாரத்தில் பிள்ளைகளின் கண்ணாடிகள் வந்தன. அக்காவே கொண்டுவந்து ஒவ்வொரு காதாகப் பார்த்து மாட்டிவிட்டார். செல்வி மாட்டிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். என்னையே வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, “டீச்சர், உங்க மூக்குல ஒரு மச்சம் இருக்குதுங்க” என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அன்று அவள் எழுதிய கணக்கில் ஒரு தப்பும் இல்லை. என் கண்ணாடி மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை. என் நம்பருக்கு லென்ஸ் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார் அக்கா. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. உப்புசக்கரை முடிந்தபிறகு வந்தால் போதும் என்று அவிநாசியப்பனுக்கு வேண்டிக்கொண்டேன்.

உப்புசக்கரை நாள், ஞாயிற்றுக்கிழமை. வெள்ளகோவிலிலிருந்து வேன் பிடித்து பதினைந்து பேர் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பட்டுச்சேலையோடு சமையலறையில் நின்றிருந்தேன். வாசலில் இன்னொரு வேன் வந்து நிற்கும் சத்தம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உயரமாக யாரோ இறங்கினார்கள். முகம் தெரியவில்லை. காலில் வெள்ளையாக இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவர் என்று நினைத்துவிட்டாள் அம்மா. “வாங்க அம்மணி, வாங்க. சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்” என்றாள்.

“செரிங்க. காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை. அதுக்கு மின்னாடி டீச்சரைப் பாத்து இதைக் குடுத்துப்போடறேன்” என்று அக்கா நேராகச் சமையலறைக்கு வந்தார். கையில் கண்ணாடிக்கூடு. “நேத்துச் சாயங்காலம்தான் லென்ஸ் வந்துது. சத்தியமங்கலத்துல கேம்ப். வழிதானேன்னு வந்தேன்.”

கூட்டைப் பார்த்ததும் அம்மாவுக்கு விஷயம் புரிந்து முகம் வெளிறியது. ஆனாலும் மரியாதை குறையவில்லை. “ரொம்பச் சந்தோசமுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் வேண்டாமுங்க. அவிங்கெல்லாம் போனதுக்கப்புறம் போட்டுக்குவா. ஏங்கண்ணு?”

செரிங்கம்மா என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். அக்கா அம்மாவோடு வாதாடவில்லை. என்னிடம் திரும்பினார்.

“போட்டுக்கறயா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு கண்ணு. எனக்கு நேரமாகுது.”

அந்தச் சம்பந்தம் எங்கள் வீட்டுக்குப் பெரிய இடம். முறிந்தால் அப்பா ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க ஒரு வருஷம் ஆகும். அம்மாவின் கண் என்னைக் கெஞ்சியது. இருந்தாலும் இன்னும் ஓர் ஆயுளுக்கு யாருடைய முகத்தையும் பார்க்காமல் நல்லா இருக்குதுங்க, புடிச்சிருக்குதுங்க என்று சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது என்று பட்டது.

“போட்டுக்கறேன்” என்றேன்.

கண்ணாடியோடு ஹாலுக்குப் போய்க் கும்பிட்டு நிமிர்ந்தேன். முதலில் அவரைத்தான் பார்த்தேன். மீசை இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. காலையில் அவசரத்தில் வெட்டியிருக்கவேண்டும். பெரிய காதுகள்.

“போன தடவை கண்ணாடி இல்லீங்களே” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அப்புறம் இன்னும் மெதுவாக, “பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுங்களா?” என்றார்.

அப்பா தரையைப் பார்த்தார். பின்கட்டு வாசலில் கையில் இட்டிலித் தட்டோடு அக்கா நின்றிருந்தார்.

“இப்பத் தெரியுதுங்க. போன தடவைதான் தெரியலை. உங்க பையனை அது இன்னைக்குத்தானுங்க பாக்குது” என்றார்.

யாரோ ஒருவர் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. உப்பும் சக்கரையும் இருந்த தட்டுகள் நடுவில் அப்படியே இருந்தன. அவர்கள் எழுந்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். எழுந்தது மாப்பிள்ளை.

“ஏனுங்க சிஸ்டர்,” என்றார் அக்காவைப் பார்த்து, “எனக்கும் ஒருக்காப் பாத்து உடறீங்களா? சாயங்காலமானா கடைசித் தறியில நூல் அறுந்தாத் தெரிய மாட்டீங்குதுங்க.”

“ஏஞ்சாமி, எங்கிட்டச் சொல்லவே இல்லை?” என்றார் அவர் அம்மா.

“வெசனப்படுவீங்கன்னுதானுங்கம்மா.”

அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பதினைந்து பேர் நடுவில், அதுவும் உப்புசக்கரையன்று, தனக்குத் தெரியவில்லை என்று சொல்கிற ஆண்பிள்ளையை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு முதலில் கத்துவது அவர்தான்.

அக்கா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வேனிலிருந்து சார்ட்டைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் வீட்டுக் காலண்டர் ஆணியில் அதை மாட்டினார். டேப்பை விரித்தார். ஹால் பதினான்கடிதான் இருந்தது. நாற்காலியை வாசலுக்கு வெளியே இழுத்துப்போட்டு இருபது ஆக்கினார். மாப்பிள்ளைக்கு முடிந்ததும் அவர் மாமா உட்கார்ந்தார். வரிசையில் நின்றபடி எழுத்துகளை மனப்பாடம் செய்துவிட்டார் அந்த மாமா. அக்கா சார்ட்டைத் தலைகீழாக மாட்டியதும் அகப்பட்டுக்கொண்டார். அப்புறம் ஒவ்வொருவராக வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். கண்ணாடிக்கு முகம் சுளித்த மாப்பிள்ளையின் அம்மாவும் வந்தார். யாரும் வாய்விட்டுச் சம்மதம் என்று சொல்லவில்லை. நல்ல நேரம் போகிறது என்று யாரோ நினைவுபடுத்த, நடுவிலேயே தட்டை மாற்றிக்கொண்டு மறுபடி வரிசைக்கு வந்துவிட்டார்கள். சத்தி கேம்ப்புக்கு நேரமாகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

எல்லாரும் முடிந்தபிறகு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அம்மா வாசல் நிலையில் நின்றாள்.

“நீங்களும் உக்காருங்கம்மா” என்றார் அக்கா.

“எனக்கெதுக்குங்க? எனக்கு நல்லாத் தெரியுமுங்க.”

“அப்படீங்களா, சந்தோசமுங்க. உக்காருங்க.”

அம்மா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டாள். முதல் வரிக்கு விரலைச் சரியாகக் காட்டினாள். இரண்டாம் வரிக்கும் காட்டினாள். மூன்றாம் வரியில் விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. என்னைத் தேடித் திரும்பினாள். நான் நாலடி தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

“இதுக்குக் கீழ ஒண்ணும் தெரியலை கண்ணு” என்றாள்.

“எத்தனை வருசமாங்கம்மா?” என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

“கல்யாணத்துக்கு மின்னாடி இருந்தே அப்படித்தானுங்க. சொன்னா யாரும் கட்டமாட்டாங்கன்னு எங்கம்மா சொல்லிப்போட்டாங்க.”

அப்பா வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தார். நான் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவளும் நானும் சேர்ந்து எத்தனை தப்பான பஸ் ஏறியிருப்போம் என்று எண்ணிப் பார்க்க முடியவில்லை. அக்கா நோட்டை விரித்து அம்மாவின் பெயரை எழுதினார்.

“வயசு எத்தனைங்கம்மா?”

அம்மா புது சம்பந்தியம்மாவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். “முப்பத்தெட்டுங்க” என்றாள்.

எனக்கே அப்போது இருபத்தைந்து முடிந்திருந்தது. அக்கா பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.